மூன்று கம்பி போதாது

புது கேபிளின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கிளியூர் மழைமானிப் பெட்டிக்கு இன்று புதுச் சாமான் வந்திருக்கிறது. கேபிளின் முனையைத் திறந்து பார்த்தேன். மூன்றே கம்பி. நீ இருந்திருந்தால் கொண்டுவந்தவரை அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

மஞ்சக்குட்டை மழைமானிப் பெட்டியருகே நாம் இருவரும் நனைந்துகொண்டு நின்ற அந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் மழை அளவைக் கேபிள் வழியாக மோடத்திடம் தரும். மோடம் அதைச் சேலம் ஆபீசுக்கு அனுப்பும். ஆபீசிலிருந்து அதிகாரி கூப்பிட்டார். "அங்க மழையே இல்லைன்னு காட்டுதே." நீ போனைக் குடைக்கு வெளியே நீட்டினாய். "ஏனுங்க சார், நீங்களே கேட்டுக்கங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்கு ஆத்திரம்.

மழையில் சிக்னல் குறைந்து மோடம் திணறும்போது, "கொஞ்சம் பொறு" என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல ஒரு கம்பி வேண்டும். கம்ப்யூட்டர் அதையே மோடத்திடம் சொல்ல இன்னொன்று. அங்கே கேபிள் போட்டவர்கள் இந்த இரண்டையும் மிச்சம் பிடித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் நிற்காமல் கொட்டியது. மோடம் பாதியைத் தவறவிட்டது. விட்டுப்போனதையெல்லாம் ஆபீஸ் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு கம்பியை நீயே இழுத்துப் பற்றவைத்தாய். "வளைவுல பஸ் ஏறறப்ப எறங்கற ஜீப்பு நிக்குதில்ல புள்ள? அவ்வளவுதான்" என்றாய். சரியான எண் போனதும் குப்பனூர் மலைப்பாதையை மூடினார்கள். மண் சரிந்தபோது பாதையில் ஒரு வண்டியும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"மூணு கம்பியிலயே நல்லா போகுதுங்க மேடம், டெஸ்ட் பண்ணிட்டோம்" என்றார் இன்று வந்த இன்ஜினியர். நல்ல வெயிலில் டெஸ்ட் பண்ணினால் போகாமல் என்ன செய்யும்? நான் சரி என்றால்தான் ஐந்து கம்பியுள்ள பழைய கேபிளைக் கழற்ற முடியும். சொல்லவில்லை. கிளியூர்ச் சரிவில் குடியிருப்பவர்கள் இந்த எண்ணை நம்பித்தான் மழை நாளில் வீட்டுக்குள் இருக்கிறார்கள். புது கேபிளைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன்.

அதே அதிகாரி போனில் வந்தார். "அந்தம்மா போனதோட இந்தத் தகராறு முடிஞ்சுதுன்னு நெனச்சேனே."

"நான் இருக்கறனுங்க சார்" என்றேன்.

உன் பிடிவாதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பழைய கேபிளும் அதன் இடத்திலேயே இருக்கிறது.