உன் டிஸ்க் பிரேக்குகளை நம்பியவன்

டேய், என் மேசைமேல் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மூடி கிடக்கிறது. வெள்ளை எழுத்தில் ஏதோ வெளிநாட்டுப் பெயர் அச்சடித்திருக்கிறது. ஒரு சோப்புப் பெட்டியின் கனம்கூட இல்லை. மூன்று வாரத்துக்கு முன் மெக்கானிக் செல்வம் உன் காரின் முன்சக்கரத்தைக் கழற்றியபோது, இது தானாகக் கழன்று என் செருப்பின்மேல் விழுந்தது.

"சார், இங்குட்டு வந்து பாருங்க" என்று கூப்பிட்ட செல்வத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டிஸ்க் பிரேக்குன்னு சொன்னீகளே? இது பழைய டிரம்மு சார், அதுவும் தேஞ்சுபோனது. டிஸ்க் மாதிரி ஒரு தகட்டை மேல மாட்டி, டிஸ்க்கைக் கவ்வுற பாகம் மாதிரி தெரிய இந்த மூடியை ஒட்டி வச்சிருக்காக."

நான்கு சக்கரத்திலும் அதே கதை. ஒன்றிலாவது உண்மையான டிஸ்க் இருக்கும் என்று கடைசிச் சக்கரம் வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஏமாற்றுவதிலும் நீ அரைகுறை வேலை செய்யவில்லை.

உன் நாற்பதாம் நாள் பூசைக்கு மறுநாள்தான் ரோஸ்லின் வந்து கேட்டாள், "அப்பா காரை நான் திருச்சிக்குக் கொண்டுபோறேன் மாமா. பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மாத்திக் குடுங்க" என்று. "பிரேக்கை உங்க அப்பன் எப்பவோ மாத்திட்டான்மா" என்று என்னவோ நானே மாற்றிய மாதிரி பெருமையடித்தேன். உன் மகள் என் முகத்தையே பார்த்தாள். "எதுக்கும் மெக்கானிக்கை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க மாமா" என்றாள்.

நீ பிரேக் மாற்றியதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைக் கோயில் வாசலுக்கு அழைத்துவந்து காரை மந்திரிக்கச் சொன்னாய். அவர் பானெட்டின்மேல் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பினார். நீ விடவில்லை. "சக்கரத்துக்கும் தெளிங்க சாமி, புது பிரேக்கு" என்றாய். அந்த மனிதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து நான்கு சக்கரத்துக்கும் தெளித்தார். பிளாஸ்டிக்குக்கு ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் நீதான். நான் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் உன் வண்டவாளம் எனக்கு அப்போதே தெரியும். உன் பழைய காரை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குகிறேன் பேர்வழி என்று, அது தரையோடு தரையாகப் படுத்திருக்க ஸ்பிரிங்கை வெல்டிங் கடையில் கொடுத்து இரண்டு சுற்று அறுத்துவிட்டாய். "தாழ இருந்தாத்தான்டா ரோட்டைப் புடிக்கும்" என்றாய். அது ரோட்டைப் பிடித்ததோ இல்லையோ, ஒவ்வொரு வேகத்தடையையும் பிடித்தது. தேவகோட்டைக்குப் போகிற வழியெல்லாம் வேகத்தடை வரும்போது நான் இறங்குவேன், நீ உரசாமல் கடப்பாய், நான் நடந்துபோய் மறுபடி ஏறுவேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உராய்வுப் பாடம் நடத்தியவன் நான். என்னிடம் படித்தவர்கள் பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்து வணக்கம் வேறு சொல்வார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை. அந்த மாதிரிக் கார் ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது என்ற நினைப்பு.

ஒரு தடவை அரியக்குடிப் பக்கம் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. நீ பிரேக்கை மிதித்தாய். வண்டி நிற்காமல் சாலையை விட்டு இறங்கி, வயலுக்குள் போய் மூக்கைச் சேற்றில் வைத்துக்கொண்டு நின்றது. உனக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் குறையவில்லை. "பாத்தியா, டிரம் பிரேக்கா இருந்தா இந்நேரம் ஆட்டுமேல ஏத்தியிருக்கும்" என்றாய். மறுநாள் ஆசிரியர்கள் அறையில் நான் டிஸ்க் பிரேக்கின் மகத்துவத்தைப் படம் போட்டு விளக்கினேன். கண்ணெதிரே இருந்த சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. நண்பன் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட வாத்தியாரிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இப்போது செல்வம் நிஜமான டிஸ்க் போட்டிருக்கிறான். புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர். கார் நான்கு விரல் உயர்ந்து, நிமிர்ந்து நிற்கிறது. நீ பார்த்தால் ஜீப் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள்.

நேற்று ரோஸ்லின் என்னை ஏற்றிக்கொண்டு கோவிலூர் வரை ஓட்டினாள். எதிரே ஒரு லாரி திடீரென்று திரும்பியது. அவள் மிதித்த இடத்தில் கார் அசையாமல் நின்றது. அவளோடு சேர்ந்து என் வலது காலும் தரையை ஓங்கி மிதித்தது.

அவள் சிரித்தாள். "அப்பாகூடப் போறப்பவும் இப்புடித்தான் மிதிப்பீகளா மாமா?"

"இல்லம்மா" என்றேன். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாகப் புழுங்கிக்கொண்டிருந்ததை, அந்த மூடியைப் பற்றி, சொல்லிவிட்டேன்.

"எங்களுக்குத் தெரியும் மாமா" என்றாள். "அம்மா வண்டி கழுவுறப்ப ஒண்ணு கையோட வந்துருச்சு. அன்னைலருந்து எங்களை அதுல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாக அப்பா. ஒங்ககிட்ட மட்டும் சொல்லிறாதன்னு அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாக."

கேட்டாயா? பெண்டாட்டி பிள்ளையை இறக்கிவிட்டிருக்கிறாய். என்னை ஏற்றிக்கொண்டு தேவகோட்டைக்குப் போயிருக்கிறாய். உன்னைப் பெரிய ஆளாக நினைத்த ஒருவனை இழக்க மனமில்லாமல், அவன் உயிரை வைத்து விளையாடியிருக்கிறாய். உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பாகப் போயிற்று. இல்லாவிட்டால் நான் உனக்கு முன்னால் போயிருப்பேன், உன் பிரேக்கைப் புகழ்ந்துகொண்டே.

இப்போதெல்லாம் யார் வண்டியில் ஏறினாலும் என் கால் தரையை மிதிக்கிறது. மகன் ஓட்டினாலும், டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். உன் பக்கத்தில் உட்கார்ந்துபோன அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மிதித்ததில்லையடா, பாவி.