அந்தோனி அண்ணையின்ரை படம்

2006 மாசி, சனி இரவு. எழுவைதீவு.

மலிவாய்க் கிடைச்சதெண்டு போன வருசம் வாங்கின டிஜிற்றல் கமராவை இண்டைக்கு அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டன்.

கடலுக்குப் போய்த் திரும்பாத அந்தோனி அண்ணையின்ரை படம் அதிலை மட்டும்தான் இருந்தது. கோயில் பெருநாள் கூட்டத்துக்குள்ளை, தூரத்திலை நிண்டு சிரிக்கிறார். அதைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டுத் தரச்சொல்லி அவரின்ரை மனுசி றீற்றா அக்கா கேட்டா.

யாழ்ப்பாணம் கொண்டுபோனன். ஸ்ரூடியோக்காரர் பெரிசாக்கப் பெரிசாக்க, முகம் கட்டம் கட்டமாய் உடைஞ்சுபோச்சு.

"இதுக்குமேலை ஏலாது தம்பி" எண்டார்.

அதையே சட்டம் போட்டுக் கொண்டுவந்து குடுத்தன். அக்கா கனநேரம் பாத்தா.

"கண் எது தம்பி?"

விரல் வைச்சுக் காட்டினன்.

அக்கா அந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "ஓம், அவர்தான்" எண்டா.

நான் காட்டினது கண்தானோ எண்டு எனக்கே தெரியாது.