என் கைக்கு நிற்கிற கத்தி

11 பிப்ரவரி 1958, செவ்வாய்
ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது ஆள்காட்டி விரல் அடிக்கணுவோடு நிற்கிறது. கட்டைவிரல் முழுதாக மடங்கவில்லை. கை தப்பியதே, அதற்கே கும்பிடு போட வேண்டும்.

மாயம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். கையில் தரவில்லை, பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். போன வாரம் இரண்டு தம்ளரை நழுவ விட்டவன் நான். 'கட்டியவளே நம்பவில்லை' என்று இங்கே எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

14 பிப்ரவரி, வெள்ளி
பூட்டுப் பட்டறைக்குப் போனேன். பதினாறு வருஷம் மாங்காய்ப் பூட்டுக்கு லீவரை அரத்தால் ராவிய இடம். முதலாளி கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே பேசினார். "பெருமாள்சாமி, பாவம் பாத்து ஒன்னைய ஒக்கார வச்சா மத்தவன் என்ன சொல்வான்? ஒங் கையால ஒரு சாமான் ராவிக் கொண்டா. பாக்குறேன்."

நியாயமான பேச்சுதான். தேய்ந்த அரம் ஒன்றையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அதில் கத்தி செய்யப்போகிறேன். மடக்காத கத்தி, சட்டைப் பையில் அடங்குகிற அளவு.

17 பிப்ரவரி, திங்கள்
அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டேன். கடினம் போய்விட்டது, இனி ராவலாம். பத்து இழுப்புக்கு ஏழு முறை பிடி வழுக்குகிறது.

26 பிப்ரவரி, புதன்
பத்து இழுப்புக்கு மூன்று.

1 மார்ச், சனி
போச்சு. அலகு முடிந்த அவசரத்தில், பட்டறைப் பழக்கத்தில், காய்ச்சியதைக் கடினம் ஏறத் தண்ணீரில் முக்கினேன். டிக்கென்று சத்தம் – குறுக்கே மயிரிழை விரிசல். பூட்டுச் சாமான் தாங்கும், இம்புட்டு மெலிசா ராவின அரம் தாங்குமா? எண்ணெயிலதான் முக்கணும்னு தெரிஞ்ச விஷயந்தானே, புத்தி எங்க போச்சு எனக்கு?

மாயம்மாள் கேட்டாள்: "அரத்துல இன்னும் பாதி கெடக்குல்ல?"

கிடக்கிறது.

10 மார்ச், திங்கள்
இரண்டாவது அலகு. அடுப்படியில் இருந்த கடலை எண்ணெய் முழுவதையும் சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"வெஞ்சனத்துக்கு என்ன செய்வ?"

"ஒரு வாரம் அவிச்சுத் திங்கலாம். முக்குங்க."

முக்கினேன். சத்தமே இல்லை. பிறகு மெல்லச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்தேன். இவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன், இப்படி என் பக்கம் நிற்க?

15 மார்ச், சனி
கைப்பிடிக்கு எங்கள் உடைந்த உலக்கையின் துண்டு. நேராகச் செதுக்கினால் கையில் சுற்றுகிறது. மொட்டை விரல் உட்கார ஒரு பள்ளம் குடைந்தேன், பிடி நின்றுவிட்டது. பித்தளைக் கம்பியை ஆணியாக அறைந்து இறுக்கினேன்.

விரல் போன அன்று என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பேகம்பூர் கிதர் முகம்மது, தோல் ஷாப்புத் துண்டுத் தோலில் உறை தைத்துத் தந்தார். "ஏன் மாப்ளே, இன்னுங் கொஞ்சம் பெருசாச் செஞ்சிருந்தா பக்ரீத்துக்கு நான் வாங்கிட்டுப் போயிருப்பேன்ல?" சிரித்து எத்தனை நாளாயிற்று!

21 மார்ச், வெள்ளி
கத்தியைக் கையில் கொடுத்தால் உறவு முறியும் என்பார்கள். முதலாளியின் மேஜைமேல் வைத்தேன். எடுத்தார், ஆணித் தலையைத் தடவினார், காகிதத்தைக் கீறினார். பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"இதென்னய்யா, என் கைக்கு நிக்க மாட்டேங்குது?"

"எங் கைக்குச் செஞ்சது முதலாளி."

அவர் திருப்பி மேஜையில் வைத்தார். "திங்கக்கிழமை வந்துரு."

24 மார்ச், திங்கள்
பட்டறைக்குப் புறப்பட்டேன். மாயம்மாள் கத்தியை உறையோடு கொண்டுவந்து தரையில் வைத்தாள். மறுபடியும் தரையிலா என்று சுருக்கென்றது. "கத்தியக் கையில குடுப்பாகளா? எடுத்துக்கங்க" என்றாள். அட, ஆமாம்! எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு காப்பி வந்தது. தம்ளரை என் வலது கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நல்ல சூடு. குடித்து முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை.