டாக்டருக்குக் காட்டாத குதிகால்

பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தம். மருதாணி அரைக்கிற வாசனை சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ கிளியனூரிலிருந்து வந்து சேர, திண்டிவனத்தில் இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறி, விழுப்புரம் ஆபீசுக்குப் பத்தொன்பது வருஷம் போய்வந்தோம். உன் கழுத்துக் கட்டியை முதலில் பார்த்தவளும் நான்தான். தைராய்டில் புற்று என்றார்கள். ஆபரேஷன், அப்புறம் அயோடின் மருந்து. அது கேட்கவில்லை, நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று அந்த மருந்தை நிறுத்தினார்கள். அன்றைக்கே, மருந்தை நிறுத்துவது என்றால் ஆளைக் கைவிடுவது என்று உன் மனசில் பதிந்துபோனது.

புது மாத்திரை கொடுத்தபோது புதுச்சேரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவக்கும், தோல் உரியும், கொப்புளம் வரும். வந்தவுடன் காட்ட வேண்டும், சில நாள் நிறுத்திவிட்டு அளவைக் குறைத்துத் தருவோம் என்றார். நிறுத்துவோம் என்றது மட்டும்தான் உன் காதில் ஏறியது.

மூன்றாவது வாரமே பஸ் கம்பியை முழங்கையால் அணைத்துப் பிடித்தாய். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டு, கேட்டவர்களிடம் ஸ்டைல் என்று சிரித்தாய். எனக்கு மட்டும் குதிகாலைக் காட்டினாய். மஞ்சளாய்த் தடித்துப்போய், சுற்றிலும் ரத்தச் சிவப்பு.

செக்கப்புக்கு முந்தின நாள் மருதாணி இலையோடு வந்து நின்றாய்.

"ஜல்தி அரைச்சிக் குடுடி. செவப்பு மேல செவப்பு இருந்தா அவருக்கு என்னா தெரியப்போவுது? மாத்திரைய நிறுத்திட்டாருன்னா நான் செத்தேன்."

திட்டினேன், கேட்டாயா? நீ அழுததும் நானே அரைத்து, நானே கையிலும் காலிலும் அப்பினேன். வெடிப்பில் பட்டு எரிந்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாய். மறுநாள் டாக்டர், வீட்டில் கல்யாணமா என்று கேட்டார். தங்கை மகளுக்கு என்று புளுகினாய். கால் நன்றாக இருக்கிறது என்றாய். பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியே இரண்டு செக்கப்பை ஓட்டினோம்.

அப்புறம் குதிகால் வெடித்துச் சீழ் பிடித்தது. குளிர்காய்ச்சலில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"முன்னாடியே காட்டியிருந்தா டோஸைக் கொறச்சிருப்பேம்மா. இப்ப மொத்தமா நிறுத்தணும்."

புண் ஆறுவதற்குள் உனக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. நீ பிழைத்திருப்பாய் என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாய். அந்தக் கொஞ்ச காலத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொலைத்தோம். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. என்மேல் அதைவிட.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார் என்றார். உன் வீட்டுக்காரரிடம்தான் வாய் திறக்க முடியவில்லை. போன வாரம் நிலத்தில் பிடுங்கிய மல்லாட்டைக் கடலை கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"கூடவே இருந்து எல்லாம் பாத்துக்கினது நீதாம்மா. கூடப் பொறந்தவ கூட இப்படிப் பண்ணமாட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாப்ட்டுட்டுப் போங்கண்ணா" என்றேன்.