எலிக்கு ஆறிய புண்

லியோன்
8.1.1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கரும்பு வெட்டும்போது மாமாவின் பாதத்தில் கட்டை ஏறிவிட்டது, புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். சர்க்கரை உள்ள உடம்பு, அப்படித்தான் இழுக்கும்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கிறோம். அது தோலின் செல்களுக்கு ஒரு சேதி கொண்டுபோகிறது: 'பெருகு, வளர்.' புண்பட்ட எலியின் முதுகில் அதைத் தடவினால், மற்ற எலிகளுக்கு முன்பே தோல் மூடிக்கொள்கிறது. நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன். மாமாவிடம் சொல், அவர் காலுக்கு மருந்து செய்கிறவன் அவர் மச்சான்தான் என்று!

இங்கே பனி கொட்டுகிறது. உன் கை ரசத்துக்கு நாக்கு ஏங்குகிறது.

உன் தம்பி
உலகநாதன்

*

ஏம்பலம்
2.2.1984

அன்புத் தம்பி உலகநாதனுக்கு அக்கா கஸ்தூரி ஆசி கூறி எழுதுவது.

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மாமாவைப் பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு விரலை எடுத்துவிட்டால் பாதம் தப்பும், தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் படுக்கையிலிருந்தே எழுந்துவிட்டார்.

"இன்னா டாக்டரு, என் மச்சான் பிரான்சுல மருந்து கண்டுபுடிச்சிகீறான். அது வர்ற வரிக்கும் எவனும் என் கால்ல கத்தி வெக்கக் கூடாது" என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார்.

உன் கடிதத்தை ஊரில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டியாயிற்று. பாகூர் பள்ளிக்கு உன்னை சைக்கிளில் வைத்து மிதித்தவர், சும்மா இருப்பாரா?

அந்த மருந்தில் ஒரு சின்ன புட்டியாவது அனுப்பு. அனுப்ப முடியாது என்றால் அதையாவது உடனே எழுது. புண் ஓரம் கருத்துக்கொண்டு வருகிறது.

அக்கா
கஸ்தூரி

*

லியோன்
4.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு. டாக்டர் சொன்னபடி விரல்களை எடுத்துவிடட்டும். மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்து என்று ஒன்றும் இல்லை.

எங்களிடம் இருப்பது எலிக்குப் போதும் அளவு. மனிதனுக்கு யாரும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. மாமாவின் காலில் ரத்த ஓட்டமே குறைந்துதான் புண் ஓரம் கருக்கிறது. அங்கே போய் 'வளர்' என்று சொன்னால் எந்தச் செல்லால் வளர முடியும்? இன்னொரு பயமும் உண்டு. அந்தச் சேதியைக் கேட்கச் செல்லின் மேல் காது மாதிரி ஒன்று இருக்கிறது. சில புற்றுநோய்களில் அது கெட்டுப்போய், யாரும் சொல்லாமலேயே 'வளர், வளர்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. புண்ணை மூடும் சேதிதான் கட்டியையும் வளர்க்கும் போலிருக்கிறது என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

மனிதனுக்கு இது மருந்து இல்லை என்பது போன கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும் அக்கா. உன் கடிதம் வந்தபோது ஒரு கருத்தரங்குக்காகப் பாரிஸில் இருந்தேன். திரும்பி வந்து படித்த பிறகும் எழுதவில்லை. 'மச்சான் கண்டுபிடித்திருக்கிறான்' என்று மாமா சொன்ன இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. தந்தி கொடுத்திருக்க வேண்டும்.

உலகநாதன்

*

ஏம்பலம்
22.3.1984

தம்பி உலகநாதனுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முந்தின நாள்தான் உன் மாமாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகு நான்தான் கையெழுத்துப் போட்டேன். உயிருக்கு இனி பயமில்லை என்கிறார்கள்.

கட்டு அவிழ்க்கும்போது வந்த வாடையிலேயே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் தினமும் தபால்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பி சொன்னது பொய்யாகப் போகாது என்று நினைத்தேன்.

கஸ்தூரி

*

லியோன்
9.4.1984

அக்கா,

ஆய்வுக்கூடத்தில் எலிக் கூண்டுப் பக்கம் போக முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து மாமாவோடு இருந்துவிடுகிறேன். கரும்புத் தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பெருமைக்காக நாலு வரி எழுதினேன், அதற்கு மாமா காலைக் கொடுத்தார். நீ என்னைத் திட்டி ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

மாமா என்ன சொன்னார்? எதுவானாலும் மறைக்காமல் எழுது.

உலகநாதன்

*

ஏம்பலம்
1.5.1984

தம்பி உலகநாதனுக்கு,

மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் எலிக்குன்னு தான்டி எழுதனான். நாமதான் மனுசனுக்குன்னு படிச்சிகினோம். வேலய வுட்டுட்டு இங்க வந்து இன்னா பண்ணப் போறான்? கரும்பு வெட்டத் தெரியுமா அவனுக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் மனதில் ஒன்றும் இல்லை.

என் மனதில் இருக்கிறது. மறைக்காதே என்றாய், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நெட்டப்பாக்கத்திலிருந்து ஜெயா என்று ஒரு பெண் வந்தாள். எனக்கு முன்பின் தெரியாதவள். மார்பில் கட்டி. "ஒங்க தம்பி மருந்து வந்துடுச்சாக்கா?" என்று கேட்டாள். அது வரட்டும் என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்திருக்கிறாள். உன் பேச்சு அங்கே வரைக்கும் போயிருக்கிறது.

கட்டியையும் வளர்க்கும் என்று நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. "மருந்தும் இல்ல, ஒன்னும் இல்ல, கெளம்புடி" என்று நானே அவளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போய்ச் சேர்த்தேன். நல்ல வேளை, இப்போதாவது வந்தீர்கள் என்றார் டாக்டர். அடுத்த வாரம் ஆபரேஷன். துணைக்கு யாரும் இல்லை, நான்தான் போய் இருக்கப்போகிறேன்.

வழியெல்லாம் அவள் அழுதாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மருந்து இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. யாரோ ஒருத்திக்கு என்னால் சொல்ல முடிந்ததை உன் மாமாவுக்கு உன்னால் ஏன் சொல்ல முடியவில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலையை விடாதே. இப்போது ஊருக்கு வரவும் வேண்டாம். மாமாவுக்கு நீ தனியாக எழுது, ஆசையாகப் படிப்பார். எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே. என் கோபம் ஆறியதும் நானே எழுதுகிறேன்.

அக்கா
கஸ்தூரி