கடலைப் பொட்டலத்தில் போன நம் பஸ்

இன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை வாங்கினேன். பொட்டலத்தின் சூட்டில் அச்சு மை வாசனை வந்தது. உடனே உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அனந்தபுரம் பக்கமிருந்து நீ வரும் பஸ், அப்போதெல்லாம் முதல் மணி அடித்த பிறகுதான் வந்து சேரும். தினமும் வகுப்புக்கு வெளியே நிற்பாய். "வாசல்ல நிக்கறதுக்கா அம்மாந்தூரம் போற? பொங்கலோட நின்னுடு" என்று உன் நைனா சொல்லிவிட்டார்.

பஸ்ஸை முன்னதாக விடக் கேட்டு நோட்டீஸ் அடிக்க மாதர் சங்கம் முன்வந்தது. எழுதும் வேலை எனக்கு. 'கல்வியெனும் கலங்கரை விளக்கம்' என்று தொடங்கி ஒரு பக்கம் நிறைய எழுதினேன். சந்தையில் யாரும் வாங்காமல் மிஞ்சிய நம் நோட்டீஸ்களிலேயே கடலைக்காரம்மா பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. உனக்குச் சிரிப்பு.

"ஏன்டி அழுவுற? நாம குடுத்தா ஒருத்தரும் வாங்கல. அந்தம்மா குடுத்தா கை நீட்டி வாங்குறாங்க பாரு. ஆனா இன்னாடி இது, கல்யாணப் பத்திரிகையாட்டம் எழுதி வெச்சிருக்க?"

கடலைக்காரம்மாவிடமே போய்ப் பேசினாய். "எனுக்கும் அந்த பஸ்ஸுதான் கண்ணு. வெயில் ஏறினப்புறம் கூடையோட வந்து எறங்கி இன்னாத்த விக்கிறது?" என்றாள். அதுவரை அதைப் பள்ளிக்கூடத்துப் பிரச்சினை என்றே நான் நினைத்திருந்தேன்.

அடுத்த நோட்டீஸில் ஒரே வரி, பெரிய எழுத்தில்: 'பள்ளிக்கும் சந்தைக்கும் பஸ்ஸை முன்னால் விடுங்கள்.' எழுத்து வெளியே தெரியும்படி மடிக்கக் கடலைக்காரம்மாவிடம் சொன்னாய். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினாய். கடலையைத் தின்றதும் காகிதத்தைக் கண்டக்டரிடம் கொடுக்கச் சொன்னாய். பெண்கள் விடாமல் கொடுத்தார்கள். "டிக்கெட்டவிட இதாம்மா பையில ஜாஸ்தி கெடக்குது" என்று அலுத்துக்கொண்ட கண்டக்டர், ஒருநாள் பையை அப்படியே பஸ் முதலாளியின் மேஜையில் கவிழ்த்துவிட்டாராம்.

மார்கழி முடிவதற்குள் பஸ் நேரம் மாறியது. காலைப் பிரார்த்தனைக்கே வந்து என் பக்கத்தில் நின்றாய். பாட்டுக்கு நடுவே, "வந்துட்டேன் பாத்தியா" என்றாய்.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் புத்தகங்களை என்னிடம் கொடுக்க வந்த நைனா, அவற்றை என் கையில் வைத்தார். பிறகு, "சின்னவள அதே பஸ்ஸுலதாம்மா அனுப்பப் போறேன்" என்றார். இன்று அவள் அதிலிருந்துதான் இறங்கினாள். கடலையில் பாதி அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுச் சங்கத்துக்காக இப்போது நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் பூக்காரம்மாவையும் கூடைக்காரிகளையும் போய்க் கேட்டேன். எழுதியதைப் பொட்டலத்தின் வெளிப்பக்கத்தில் அடங்கும்வரை வெட்டுகிறேன். வெட்டியதில் எப்படியும் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைக் கோடு போட்டு அடிக்கும்போதெல்லாம் நீ சிரிப்பது கேட்கிறது.