சும்மா நிற்கும்போது

மார்ச் 4, செவ்வாய்

‘மெக்கானிக்கிடமே விட்டிருக்கலாமே’ என்று இன்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அம்மா சொன்னாள், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி தானாக உறுமுகிறது என்று மாதக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார். மெக்கானிக் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. “உங்க வண்டிக்கு உங்களைக் கண்டாத்தாண்ணே கோவம்” என்று சிரித்து அனுப்பிவிட்டாராம். அப்பா விடவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைப் புதிதாக வாங்கி, வாசலில் வைத்துத் தானே மாற்றினார். இப்போது ஆள் உட்காராமலே உறுமுகிறது, மூச்சு முட்டியதுபோல் அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது.

மார்ச் 5, புதன்

காற்று எங்கே கசிகிறது என்று தேடினோம். நான் டார்ச் பிடித்தேன். காற்று கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட் சரி. குழாய்கள் சரி. அப்பாவின் முகம்தான் சரியில்லை. திங்கள் முதல் ஆஸ்பத்திரி நர்ஸுகளை விடியற்கால ஷிஃப்டுக்கு ஏற்றிப்போக வேண்டும். வண்டி வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

மார்ச் 7, வெள்ளி

மெக்கானிக் போனில் திட்டிவிட்டு விளக்கினார். புதுசு போட்டால், சும்மா நிற்கும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்பதை வண்டி கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஏசியை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்பா மறுபடி மறுபடி செய்தார். “மக்கு வண்டி” என்றார். “வளர்த்த லட்சணம்” என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம்.

மார்ச் 8, சனி

இன்று நான் பக்கத்து சீட்டில். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன் —

அப்பாவின் வலது கால். செருப்பின் நுனி ஆக்சிலேட்டர் பெடலின் மேல். அது தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல். பாட்டு எதுவும் ஓடவில்லை. அப்பா கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தால் — இல்லை, தெரியாது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். ஓர் எழுத்துக்குக் கால் விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். வீட்டில் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

அந்த நர்ஸுங்க பின்னாடி தூங்கிக்கிட்டே வருவாங்க. திங்கக்கிழமைக்குள்ள சொல்லியாகணும். எப்படிச் சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு

அப்பா மதியம் படுத்ததும் நானே சாவியைப் போட்டேன். கால்களைச் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு தணிந்து ஒரே சீராக நின்றது.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“என்னம்மா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலப்பா. காலை வெக்காம இருந்தேன்.”

“நானும் வெக்கலையே.”

அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்து, அவரும் குனிந்தார். படியில் வைத்திருந்த கால் தட்டிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தார். விட்டதும் மறுபடி தட்டியது.

பிறகு, கழற்றிப் போட்டிருந்த பழைய பாகத்தை எடுத்து, அதன் தகட்டை விரலால் திறந்து மூடிப் பார்த்தார்.

“அப்ப இது கெடவே இல்ல” என்றார்.

மார்ச் 10, திங்கள்

அப்பா வேலைக்குப் போகவில்லை. நேற்று மாலையே அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறார். “வண்டி சரியாயிடுச்சு சார். டிரைவருக்குத்தான் ரிப்பேர்.”

மார்ச் 19, புதன்

நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். வேலை செய்யும்போது அவ்வளவாகத் தெரியாதாம். சும்மா இருக்கும்போதுதான் நடுங்குமாம். குணமாகாது. மருந்தால் கொஞ்ச காலம் சமாளிக்கலாம்.

“அப்ப சும்மாவே இல்லாம இருந்துட்டா?” என்று அப்பா கேட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நர்ஸுகளை இப்போது வேறு ஒருவர் ஏற்றிப்போகிறார். எங்கள் வண்டியை நான் ஓட்டுகிறேன். அப்பா, அவர் கால் என் கண்ணில் படாத பின் சீட்டில் உட்காருகிறார். முன்னால் வரச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.